மழலையே, உனக்குப் பட்ட கடன்

அன்புள்ள மழலைக்கு,

உனக்கென்று நிரந்தர முகவரி கிடையாது. இப்போதைக்குப் பாளையங்கோட்டையில், எங்கள் வீட்டில், இரண்டரை வயது மகளின் வாயில் வாடகைக்குக் குடியிருக்கிறாய். எந்த வீட்டிலும் கொஞ்ச காலம்தான் தங்குவாய், சொல்லிக்கொள்ளாமல் காலி செய்துவிடுவாய் என்று பிள்ளை வளர்த்தவர்கள் சொல்கிறார்கள். போன பிறகு எந்த விலாசத்துக்கு எழுதுவது? அதனால் இருக்கும்போதே எழுதுகிறேன். உன்னைப் புகழும் வேலையைத் திருவள்ளுவர் முடித்துவிட்டார். மக்கட்பேறு அதிகாரத்தில் குழலையும் யாழையும் உனக்குக் கீழே உட்காரவைத்தவர் அவர். எனக்கு மிச்சமிருப்பது, நீ இந்த வீட்டுக்குக் கொடுத்ததை ஒவ்வொன்றாகச் சொல்லி நன்றி கூறுவது மட்டும்தான்.

மழலையே, நீ வருமுன் இந்த வீடு எப்படி இருந்தது தெரியுமா? அப்பா போன பிறகு அம்மா அளந்துதான் பேசினாள். "சாப்பிட்டியா", "கதவச் சாத்து", "கேஸ்காரன் வந்தானா" என்பதோடு அவளுடைய ஒரு நாள் பேச்சு முடிந்துவிடும். நானும் மனைவியும் வேலை முடிந்து வந்து ஆளுக்கொரு செல்போனைப் பார்த்தபடி இருப்போம். எங்களுக்குள் சண்டை ஏதும் இல்லை. சொல்வதற்கும் ஏதும் இல்லை. மகளுக்கு மூன்று மாதம் ஆனபோது தொட்டிலுக்குள்ளிருந்து "ங்கா" என்று குரல் கொடுத்தாய். அடுக்களையிலிருந்து அம்மா, "என்னட்டி ராசாத்தி?" என்றாள். மறுபடியும் "ங்கா". "அப்படியா சொல்லுத? பெறவு என்ன ஆச்சு?" என்று தோசைக் கரண்டியோடு தொட்டிலுக்கே வந்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் வாய் ஓயவில்லை.

மழலையே, பதில் கிடைத்தால் நீ வளர்வாய் என்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2003இல் மைக்கேல் கோல்ட்ஸ்டீனும் அவருடைய கூட்டாளிகளும் எட்டு மாதக் குழந்தைகளையும் தாய்மாரையும் வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். குழந்தை குரல் எழுப்பியவுடன் தாய் சிரித்து, நெருங்கி, தொட்டபோது, குழந்தையின் ஒலிகள் பேச்சுக்கு இன்னும் பக்கத்தில் வந்தன. அதே சிரிப்பும் தொடுகையும் குழந்தையின் குரலோடு பொருந்தாத நேரத்தில் கிடைத்தபோது அந்த மாற்றம் இல்லை. அம்மா இதையெல்லாம் படித்தவள் இல்லை. அவளுக்குப் பேச ஓர் ஆள் வேண்டியிருந்தது, உனக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. இருவருக்கும் ஒரே நேரத்தில் கிடைத்தது. ஒரு விதவையின் வாயைத் திறந்துவிட்டாயே, அதுதான் என் கணக்கில் முதல் கடன்.

மழலையே, நீ வாய் வழியாக வருவதற்கு முன்பே காது வழியாக வந்துவிட்டாய் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. பிறந்து சில நாளே ஆன குழந்தை தன் தாயின் குரலை மற்றப் பெண்களின் குரலிலிருந்து பிரித்தறிந்து, அதையே விரும்பிக் கேட்கிறது என்று 1980இல் டிகாஸ்பரும் ஃபைஃபரும் காட்டினார்கள். 1984இல் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் செய்த ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் கைக்குழந்தைகளுக்கு அவர்கள் இந்தி ஒலிகளைக் கேட்கவைத்தார்கள். நாக்கு நுனியைப் பல்லில் தொட்டுச் சொல்லும் தகரம், நாக்கை மடித்துச் சொல்லும் டகரம் ஆகிய இரண்டும் வேறு வேறு என்று ஆறிலிருந்து எட்டு மாதக் குழந்தைகள் கண்டுகொண்டன. ஒரு வயதை நெருங்கியபோது பெரும்பாலான குழந்தைகளிடம் அந்தத் திறன் இல்லை. வீட்டில் புழங்காத வேறுபாட்டைக் காது கைவிட்டுவிடுகிறது. எங்கள் வீட்டில் "பத்து" என்றும் "பட்டு" என்றும் ஓயாமல் காதில் விழுந்துகொண்டிருந்ததால், என் மகள் அந்த இரண்டையும் பத்திரமாக வைத்துக்கொண்டாள். அவள் ஒரு சொல்லும் பேசாமல் மடியில் கிடந்த மாதங்களில், உள்ளே நீ இவ்வளவு வேலை பார்த்திருக்கிறாய்.

மழலையே, இன்னொரு வேலையையும் அப்போதே முடித்திருக்கிறாய். அம்மா பேசினால் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளியே இருக்காது. "ஏட்டிஇங்கனவாட்டிபாலாறுதுபாரு" என்று ஒரே மூச்சில் வரும். எழுத்தில் நாம் விடும் இடம் பேச்சில் கிடையாது. இதில் எது ஒரு சொல், எங்கே அது முடிகிறது என்று குழந்தைக்கு யார் சொல்லித் தருவது? எந்த அசைக்குப் பின் எந்த அசை அடிக்கடி வருகிறது என்பதைக் காதாலேயே கணக்குப் போட்டு, எட்டு மாதக் குழந்தைகள் இரண்டே நிமிடம் கேட்ட புதுப் பேச்சிலிருந்து சொற்களைப் பிரித்துவிடுகின்றன என்று 1996இல் ஜென்னி சாஃப்ரானும் அவருடன் ஆய்ந்தவர்களும் கண்டார்கள். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து, மகள் வாயில் விரலை வைத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தால் "சும்மாதானே கிடக்கிறாள்" என்று நான் சொல்வதில்லை.

மழலையே, முதல் சொல்லாக நீ எதைக் கொண்டுவருவாய் என்று எனக்கும் மனைவிக்கும் ஒரு போட்டி நடந்தது. "அம்மா" என்று அவள், "அப்பா" என்று நான். நீ இருவரையும் விட்டுவிட்டு "மம்மம்" என்றாய். பருப்புச் சோறு ஜெயித்தது. தோற்றவன் நான் மட்டும் இல்லை என்று பிறகு தெரிந்தது. சார்லஸ் டார்வின் தம் மூத்த மகன் வளர்ந்ததைக் குறிப்பெடுத்து வைத்திருந்து 1877இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். சரியாக ஒரு வயதில் அந்தக் குழந்தை உணவுக்கென்று தானே ஒரு சொல்லை உண்டாக்கிக்கொண்டது என்று அதில் எழுதுகிறார். அந்தச் சொல் "மம்". பசித்தால் அழுவதை விட்டுவிட்டு அதைச் சொல்லிக் கேட்டதாம். உயிரினங்களின் தோற்றத்தையே ஆராய்ந்த மனிதர் தம் மகனின் ஒற்றைச் சொல்லுக்கு முன்னால் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். நானும் என் பங்குக்குக் காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டேன். பெருமைப்படுவதற்கு இவ்வளவு சின்னக் காரணம் போதும் என்று கற்றுக்கொடுத்தாய்.

மழலையே, அடுத்து "நிலா"வைக் கொடுத்தாய். மொட்டைமாடியில் அம்மா காட்டிய நிலா நிஜ நிலா. மறுநாள் காலை கல்லில் வெந்த தோசையும் நிலா ஆயிற்று. அப்பளம் நிலா, என் சட்டைப் பொத்தான் நிலா, அடுத்த வீட்டு ஆச்சியின் நெற்றிக் குங்குமமும் நிலா. ஒரு சொல்லை இப்படி அகலமாக விரித்துப் பிடிப்பது உலகமெங்கும் குழந்தைகள் செய்வது. மொழியியலாளர் ஈவ் கிளார்க் 1973இல் தொகுத்துத் தந்த எடுத்துக்காட்டுகளிலும் நிலாவுக்கான சொல்லை வட்டமான பொருளுக்கெல்லாம் சொன்ன குழந்தை ஒன்று இருக்கிறது. கையில் இருக்கும் சொற்கள் கொஞ்சம், பெயர் சொல்ல வேண்டிய பொருள்கள் ஏராளம். இருப்பதை வைத்துச் சமாளிக்கிறார்கள். ஆனால் அன்று காலை தட்டில் கிடந்த தோசையை நான் கொஞ்ச நேரம் பார்த்தேன். பள்ளமும் மேடுமாக, ஓரம் சிவந்து, வட்டமாக இருந்தது. நிலா என்று சொல்ல அதற்கு எல்லாத் தகுதியும் இருந்தது.

மழலையே, காக்கை விஷயத்தை நீ வேண்டுமென்று செய்திருக்க மாட்டாய். கைக்குழந்தையாக "ங்கா" சொன்ன அதே நாக்குக்கு, சொல்லாகப் பேச வந்தபோது ககரம் வரவில்லை. நாக்கின் பின்பக்கத்தை மேலண்ணத்துக்குத் தூக்குவதைவிட நுனியைப் பல்லில் தொடுவது குழந்தைக்குச் சுலபம். அதனால் ககரம் வரவேண்டிய இடத்திலெல்லாம் தகரம் வந்தது. கத்தரிக்காய் "தத்தித்தா" ஆயிற்று. ஓர் அமாவாசையன்று அம்மா மதில்மேல் சோற்று உருண்டை வைத்தாள். காக்கை வந்து உட்கார்ந்தது. இடுப்பிலிருந்த மகள் கையை நீட்டி, "தாத்தா!" என்றாள். கூடத்தில் மாலை போட்ட படத்தைக் காட்டி அவளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்திருந்த சொல்லும் அதுதான். நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அம்மா மட்டும் சாதாரணமாக, "ஆமா, அவுகளும் இப்படித்தான் தலையைச் சாய்ச்சுச் சாய்ச்சுச் சோத்தைப் பாப்பாக" என்றாள். அப்பா இறந்த பிறகு அவரைப் பற்றி அவள் சிரித்துக்கொண்டே பேசியது அன்றுதான். ஒரு ககரம் வராததால் எங்களுக்குக் கிடைத்தது அது.

மழலையே, இடையில் எங்களைப் பயமுறுத்தவும் செய்தாய். ஒன்றரை வயதில் ஏழெட்டுச் சொல்லோடு நின்றுகொண்டாய். பூங்காவில் பார்ப்பவர்கள் எல்லாம் "இன்னும் பேசலையா?" என்றார்கள். வசம்பைச் சுட்டு நாக்கில் தடவு என்றார் ஒருவர். திருச்செந்தூருக்கு நேர்ந்துகொள் என்றார் இன்னொருவர். அம்மா அவர்களிடம் குமரகுருபரர் கதையைச் சொல்வாள்: "ஸ்ரீவைகுண்டத்துல பொறந்த பிள்ளை, அஞ்சு வயசு வரைக்கும் வாயே திறக்கல. பெறவு செந்தூர்ச் சந்நிதியில பாட்டாவே வந்துச்சுல்லா?" அவர் கந்தர் கலிவெண்பா பாடியதும், பின்னாளில் மதுரைக்குப் போய் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடியதும் தாமிரபரணிக் கரையில் எல்லாரும் அறிந்த வரலாறு. பேச்சு வராமலிருந்த பிள்ளை பிற்காலத்தில் குழந்தையைப் பாடும் இலக்கியத்திலேயே பெரிய பெயர் எடுத்தது அம்மாவுக்குப் போதுமான ஆறுதல். எனக்குப் போதவில்லை. மருத்துவரிடம் போனோம். அவர் முதலில் வாயைப் பார்க்கவில்லை, காதைச் சோதித்தார். கேட்கிறது என்றார். சொன்னதைப் புரிந்துகொள்கிறாள், விரலால் சுட்டிக் காட்டுகிறாள், அதனால் காத்திருக்கலாம் என்றார். காத்திருந்தோம். சில வாரத்தில் நீ மடை திறந்துகொண்டு வந்தாய்.

மழலையே, இரண்டு சொல்லைப் பக்கத்தில் பக்கத்தில் நீ வைத்த வாரம் இந்த வீட்டில் திருவிழா. "ஆச்சி வா." "பால் இல்ல." "நிலா தாணோம்." காணோம் என்ற சொல்லை நீ பிடித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. கண்முன் இருக்கும் பொருளுக்குப் பெயர் சொல்வது ஒன்று. இல்லாத பொருளை நினைவில் வைத்து, அது இல்லை என்று இன்னொருவரிடம் முறையிடுவது வேறு. செருப்பு தாணோம், பூனை தாணோம், மழை தாணோம் என்று நாள் முழுவதும் இல்லாதவற்றின் பட்டியலை எடுத்தாய். பிறகு "நேத்து" வந்தது. உனக்கு இன்று காலையும் நேத்துதான், போன சீசனுக்குக் குற்றாலத்தில் குளித்ததும் நேத்துதான். நடந்து முடிந்த எல்லாவற்றையும் இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கும் மனசு எனக்கு வாய்க்கவில்லை. அதை இரவலாகவாவது கொடுத்தாயே.

மழலையே, என்னை நீ அழைத்த விதத்தைச் சொல்லாமல் விட முடியாது. மனைவி என்னை "ஏங்க" என்று கூப்பிடுவாள். அவள் கூப்பிட்டால் நான் திரும்புகிறேன். ஆகவே என் பெயர் அதுதான் என்று மகள் முடிவுகட்டினாள். வாசலில் நின்று "ஏந்த! ஏந்த! ஆத்தோ!" என்று கத்தினால் தெருவே சிரிக்கும். தன்னைச் சொல்வதிலும் அதே நியாயம். "உனக்குப் பால் வேணுமா?" என்று நாங்கள் கேட்பதால், தனக்கு வேண்டும்போது "உனத்து வேணும்" என்பாள். நான் என்பதும் நீ என்பதும் ஆளுக்கு ஆள் கைமாறும் என்பது எவ்வளவு சிக்கலான ஏற்பாடு என்று அவள் அதைப் பிரித்துப் போட்டபோதுதான் கண்ணில் பட்டது. பேசும்போதெல்லாம் எல்லாரும் நான்தான், கேட்கும்போதெல்லாம் எல்லாரும் நீதான். இதை நாம் பிசகாமல் தினமும் நடத்திக்கொண்டிருக்கிறோம் என்பதே எனக்கு வியப்பாக இருக்கிறது.

மழலையே, இலக்கணத்தையும் நீதான் எனக்கு மறுபடி எடுத்தாய். ஒரு நாள் மகள், "பாப்பா சாப்பிடினேன்" என்றாள். இந்த வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஆகவே எங்களைப் பார்த்துச் சொன்னதாக இருக்க முடியாது. ஓடினேன், ஆடினேன், பாடினேன் என்று கேட்டவற்றிலிருந்து ஒரு விதியைத் தானே எடுத்து, சாப்பிடு என்பதன் மேல் பொருத்தியிருக்கிறாள். 1958இல் ஜீன் பெர்கோ என்ற ஆய்வாளர், அதுவரை உலகத்தில் இல்லாத சொற்களைச் செய்து சிறுவர்களிடம் கொடுத்து, அவற்றுக்கும் அவர்கள் சரியான பன்மையும் இறந்தகாலமும் போடுகிறார்கள் என்று காட்டினார். குழந்தை ஒப்பிப்பதில்லை, விதி செய்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். ஆனால் விதியை எங்கே தளர்த்த வேண்டும் என்பதும் உனக்குத் தெரியும். சுவரில் அடித்த டம்ளர் நசுங்கிக் கிடக்கும்போது "நசுக்கினேன்" என்று வராது. "நசுந்திப் போச்சு" என்றுதான் வரும். தன்வினைக்கும் பிறவினைக்கும் உள்ள பயனை எந்த வாத்தியாரும் இவ்வளவு கூர்மையாக எனக்கு விளக்கியதில்லை.

மழலையே, நீ அவளிடம் மட்டும் இருக்கவில்லை, எங்கள் எல்லார் வாய்க்கும் வந்துவிட்டாய். டெப் ராய் என்ற ஆய்வாளர், அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் இருப்பவர், தம் மகன் பிறந்ததிலிருந்து வீடு முழுக்கக் கேமராவும் ஒலிவாங்கியும் வைத்துப் பதிவு செய்தார். படப்பதிவு மட்டும் 90,000 மணி நேரம். "காகா" என்ற குழந்தையின் ஒலி ஏறக்குறைய அரை ஆண்டில் தண்ணீருக்கான ஆங்கிலச் சொல்லாக உருண்டு திரண்டதை அவர் 2011இல் ஓர் உரையில் கேட்கவைத்தார். எனக்கு அதில் பிடித்தது வேறொன்று. குழந்தைக்கு ஒரு சொல் பிறக்கப்போகும் காலத்தை ஒட்டி, அந்தச் சொல் வரும் வாக்கியங்களைப் பெரியவர்கள் தங்களை அறியாமலே சுருக்கிக்கொண்டார்களாம். சொல் பிறந்த பிறகு மெல்ல மெல்லப் பழைய நீளத்துக்குப் போனார்களாம். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்திருக்கிறது. "ஆச்சி தண்ணி. குளுகுளு தண்ணி. பாப்பா தண்ணி" என்று அம்மா பேசிக்கொண்டிருந்த நாள்கள் எனக்கு நினைவிருக்கின்றன. அவளுக்காக நாங்கள் இறங்கி வந்திருக்கிறோம், இறங்கியது தெரியாமலே.

மழலையே, குழந்தையிடம் பெரியவர்கள் இறங்கி வந்து பேச வேண்டும் என்பது நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்களுக்கு முன்பே தெரியும் என்று நினைக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் கண்ணனுக்குத் தாயாகிப் பாடித் தொடங்கிவைத்த வழி அது. காப்பு முதல் சிறுதேர் வரை ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவங்கள் வகுத்தார்கள். செங்கீரை ஆடு, சப்பாணி கொட்டு, முத்தம் தா, வா வா என்று தாயும் செவிலியும் தோழியரும் கெஞ்சிக்கொண்டே இருப்பார்கள். பாட்டுடைத் தலைவனான குழந்தை கேட்டுக்கொண்டிருக்கும். நிலவைக்கூடப் பெரியவர்களே அதட்டி அழைப்பார்கள். பெரியவர்கள் வாய் ஓயாமல் பேசினால்தான் குழந்தைக்கு நீ வருவாய். அந்த வேலையை ஓர் இலக்கிய வகையாகவே செய்துவைத்த மொழி என் மகளுக்குக் கிடைத்திருக்கிறது.

மழலையே, நீ மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாய். "ஏந்த" போய் "அப்பா" வந்துவிட்டது. ரகரம் எட்டிப் பார்க்கிறது. ழகரத்துக்கு இன்னும் நாளாகும் என்கிறார்கள். "வாயப்பயம்" மட்டும் அதுவரை இருக்கும். ககரம் சென்ற மாதம் வந்து சேர்ந்தது. மதிலில் உட்கார்ந்ததை என் மகள் இப்போது திருத்தமாக "காக்கா" என்கிறாள். பேச்சு தெளிவதில் எனக்குச் சந்தோஷந்தான். தெளியாமலே இரு என்று எந்தத் தகப்பனும் வேண்ட மாட்டான். அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. சோறு வைக்கும்போது இன்னமும் அவள் "தாத்தா வா" என்றுதான் கூப்பிடுகிறாள். மகள் திருத்துகிறாள்: "ஆச்சி, அது காக்கா." உன்னில் ஒரு சொல்லை அம்மா திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டாள். மன்னித்துக்கொள்.

மழலையே, நான் உன்னோடு பேசியதை ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட அனுமதி கொடு. உங்கள் வீட்டுக் குழந்தை ஒரு வயதாகியும் மழலை ஒலி எழுப்பவில்லை, பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் சொல்லவில்லை, இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்க்கவில்லை என்றால், "எல்லாம் தானா வரும்" என்று உட்கார்ந்திருக்காதீர்கள். குழந்தை மருத்துவரிடம் போங்கள், முதலில் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள். செல்போனில் பாட்டுப் போட்டுக் கொடுத்தால் பேச்சு வந்துவிடும் என்றும் நம்பாதீர்கள். 2003இல் பட்ரிசியா கூல் அமெரிக்கக் குழந்தைகளை வைத்து இதைச் சோதித்தார். சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து விளையாடியபோது ஒன்பது மாதக் குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிடித்துக்கொண்டன. அதே ஆட்களைத் திரையில் பார்த்த குழந்தைகள் ஒன்றும் பிடிக்கவில்லை. மழலைக்கு ஆள் வேண்டும். குழந்தை ஒரு சொல் சொன்னால், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, பதிலுக்கு ஒரு சொல் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உன் கடனாளியான ஒரு தகப்பன்,
பாளையங்கோட்டை.